மக்புக் எயார் எம்4: திருகோணமலைக் கமெராக்காரன் ஒருவனின் ஆறு மாதப் பாவனை

ஆறு மாதம் பாவித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வாங்கிய கையோடு எழுதியிருந்தால் திரை வடிவு, பாரம் குறைவு, சத்தமே இல்லை என்று மூன்று வரியில் முடிந்திருக்கும், அதை எந்த விளம்பரத்திலும் படித்துவிடலாம். இந்த ஆறு மாதத்தில் இது என் முதுகுப் பையில் கொழும்பு இரவு ரயிலில் பல தரம் போய் வந்திருக்கிறது, வவுனியா ஊடாகப் போகும் யாழ்ப்பாண பஸ்ஸில் குலுங்கியிருக்கிறது, கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர், வாகரை வழியாக மட்டக்களப்பில் இரண்டு கல்யாணவீடு பார்த்திருக்கிறது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன அறையில் ஒரு கிழமை முழுக்க இதை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். நல்லதும் தெரியும், குறையும் தெரியும்.

மொடல் இதுதான்: ஆப்பிளின் மக்புக் எயார் லப்டொப், 13 அங்குலம், எம்4 சிப், 16 ஜீபி ராம், 512 ஜீபி எஸ்எஸ்டி. 2025 மார்ச்சில் வெளிவந்தது. பாரம் 1.24 கிலோ.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலை மாறினால் லப்டொப்பும் மாறும். காசுக்குக் கல்யாணவீடும் சாமத்தியவீடும் எடுக்கிறேன். மனதுக்குப் பிடித்துக் கோயில் திருவிழாக்களும், கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில் திருமலைக் கடலுக்கு வரும் திமிங்கிலங்களும். 24 மெகாபிக்சல் கமெரா இரண்டு, எல்லாமே ரோ ஃபைலாகத்தான் (கமெரா திருத்தாமல் சேமிக்கும் மூலப் படம்) எடுப்பேன். உவர்மலையில் வீட்டில் பெரிய திரையோடு மேசைக் கணினி இருக்கிறது, ஆல்பம் வடிவமைப்பு எல்லாம் அதில்தான். ஆகவே பயணத்தில் லப்டொப்பிடம் நான் எதிர்பார்ப்பது இரண்டே விடயம். எடுத்த படங்கள் அன்றிரவே இரண்டு இடத்தில் பத்திரமாகச் சேர்ந்துவிட வேண்டும். திரையில் நான் பார்க்கும் நிறத்தை நான் நம்பக்கூடியதாக இருக்க வேண்டும். வேகம் இதற்கெல்லாம் பிறகுதான்.

நிறம் பற்றிய பாடத்தை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். முன்பு வைத்திருந்தது மலிவான 15 அங்குல லப்டொப் ஒன்று, பெயர் வேண்டாம். அப்போது மட்டக்களப்பில் ஒரு கல்யாணவீடு. மணமகளின் கூறைச்சேலை நல்ல அரக்குச் சிவப்பு, கரையில் பொன் சரிகை, சரிகையை ஒட்டி மாங்காய் வேலைப்பாடு. கனடாவில் இருக்கும் சொந்தக்காரருக்கு அன்றிரவே அறுபது படம் அனுப்ப வேண்டும் என்றார்கள், நானும் விடுதி அறையில் இருந்து திருத்தினேன். அந்தத் திரையில் சேலை வெளிறிப்போய்ச் செங்கல் நிறத்தில் தெரிந்தது. சிவப்பைக் கூட்டினேன், போதவில்லை, இன்னும் கொஞ்சம் கூட்டினேன். நேரமில்லாமல் அதே திருத்தத்தோடு ஆல்பத்துக்கும் அனுப்பிவிட்டேன். ஆல்பம் வந்து திறந்து பார்த்தால் சேலை முழுக்கச் செவ்வரத்தம்பூ மாதிரி ஒரே சிவப்பு. மடிப்பு ஒன்றும் தெரியவில்லை, மாங்காய்கள் கரைந்து போயிருந்தன. மணமகளின் அம்மா என்னை ஏசவில்லை. அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எங்கட பிள்ளையின்ர கூறை இல்லையே" என்று மட்டும் சொன்னார். என் செலவில் திரும்ப அச்சடித்துக் கொடுத்தேன்.

பிறகுதான் அந்த லப்டொப்பின் விபரத்தைத் தேடிப் படித்தேன். திரை 45 வீதம் என்டிஎஸ்சி, 250 நிட் என்று இருந்தது. என்டிஎஸ்சி என்பது திரை காட்டும் நிறங்களின் அளவு, நிட் வெளிச்சத்தின் அளவு. இந்த 45 என்ற எண்ணைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் நாம் பார்க்கும் சாதாரணப் படங்களுக்கு எஸ்ஆர்ஜீபி என்று ஒரு நிற எல்லை உண்டு, 45 வீதம் என்டிஎஸ்சி திரை அந்த எல்லையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும். 72 வீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் அது கிட்டத்தட்ட முழு எஸ்ஆர்ஜீபி. அரக்குச் சிவப்பு, மஞ்சள் குங்குமம், நிலாவெளிக் கடலின் பச்சை கலந்த நீலம், இதெல்லாம் அந்த இல்லாத ஒரு பங்குக்குள்தான் அதிகமாக மாட்டுப்படுகிறது. திரையால் காட்ட முடியாத சிவப்பைத்தான் நான் கூட்டிக் கூட்டித் தேடியிருக்கிறேன்.

அந்த லப்டொப்பின் பற்றரியும் கடைசியில் 40 நிமிடம்கூடத் தாங்கவில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க மின்சாரம் போனதே, அன்று ஒரு வேலை பாதியில் நின்றது. அதோடு புதிது வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

கொழும்பு பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசாவில் ஒரு பகல் முழுக்க ஏறி இறங்கினேன். போகும்போது ஃபோனில் அந்தக் கூறைச்சேலைப் படத்தை வைத்திருந்தேன், ஒரு யூஎஸ்பியிலும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். எந்த லப்டொப்பைக் காட்டினாலும் முதலில் அந்தப் படத்தைத் திறந்து ஃபோனைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். இதை நீங்களும் செய்யுங்கள். ஓரளவு நல்ல ஃபோன்களின் திரை இப்போது மலிவு லப்டொப் திரையைவிட எவ்வளவோ மேல், பக்கத்தில் பிடித்தால் வித்தியாசம் உடனே கண்ணில் குத்தும். ஒரு கடையில் இருந்த தம்பி, "படம் எடிட் பண்ணுறது என்றால் கேமிங் லப்டொப் எடுங்கோ அண்ணை, கிராபிக்ஸ் கார்ட் இருக்கு, பறக்கும்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த, படத்தில் விழும் புள்ளிகளை நீக்கும் ஏஐ டினோய்ஸ் போன்ற வேலைகளுக்கு கிராபிக்ஸ் கார்ட் உள்ள லப்டொப் உண்மையிலேயே பறக்கும். ஆனால் அவர் காட்டியது இரண்டு கிலோவுக்கும் மேல், அதன் சார்ஜர் தனியாக ஒரு செங்கல் மாதிரி. மின்சாரம் கழற்றினால் அந்த கார்ட் முழு வேகத்தில் ஓடாது, பற்றரியும் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் படுத்துவிடும். திரையின் நிற எல்லை என்ன என்று கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு 45 என்றார். அவ்வளவுதான், எழும்பி வந்துவிட்டேன்.

ஏசுஸ் ஸென்புக் 14 ஓலெட் என்பதைக் கனநேரம் கையில் வைத்துப் பார்த்தேன். உண்மையிலேயே நல்ல திரை, கறுப்பு நல்ல கறுப்பாக இருந்தது, பாரமும் கிட்டத்தட்ட எயார் மாதிரித்தான், விலையும் குறைவு, எச்டிஎம்ஐயும் பழைய யூஎஸ்பி வாயும் உடம்பிலேயே இருக்கிறது. விண்டோஸை விட மாட்டேன் என்பவருக்கு அதைத்தான் சொல்வேன். 14 அங்குல மக்புக் ப்ரோவையும் பார்த்தேன். எஸ்டி கார்ட் வாய் உண்டு, விசிறி உண்டு, திரை எயாரைவிட எவ்வளவோ வெளிச்சம், 1.55 கிலோ. என் கையில் இருந்த காசு அதற்குக் காணாது. எயாரையே எடுத்தேன். பஸ்ஸிலும் ரயிலிலும் மின்சாரத்தை நம்பாமல் வேலை செய்ய வேண்டும், அதுதான் என்னை இந்தப் பக்கம் தள்ளியது.

இனித் திரை. 2560க்கு 1664, பீ3 நிற எல்லை, 500 நிட். பீ3 என்றால் எஸ்ஆர்ஜீபியைவிட அகலமானது, குறிப்பாகச் சிவப்பிலும் பச்சையிலும். பெட்டியைத் திறந்தவுடன் மூன்று விடயத்தை நிறுத்துங்கள்: ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் (இரவில் திரையை மஞ்சளாக்குவது), வெளிச்சம் தானாகக் கூடிக் குறைவது. ட்ரூ டோன் அறை விளக்கைப் பார்த்து வெள்ளையை மஞ்சளாக்கும். கல்யாண மண்டபத்து மஞ்சள் விளக்கின் கீழ் இருந்து நீங்கள் திருத்தினால், விடிய எழும்பிப் பார்க்கும்போது எல்லா முகமும் நீலம் பாய்ந்திருக்கும். அடுத்தது வெளிச்சத்தின் அளவு. 500 நிட் இருக்கிறது என்பதற்காக முழுதாக ஏற்றி வைத்துத் திருத்தினால் அச்சில் படம் இருண்டுதான் வரும், ஏனென்றால் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிகிறதே என்று நீங்கள் படத்தை இருட்டாக்கிவிடுவீர்கள். அச்சு வேலைக்கு 120 நிட்டை ஒட்டி வைக்கச் சொல்வார்கள். தெரிந்த ஒருவரிடம் நிறம் அளக்கும் கருவியை இரவல் வாங்கி அளந்து பார்த்தேன், இரவில் அறைக்குள் பாதி வெளிச்சத்தை ஒட்டிய இடம்தான் சரியாக வந்தது. அந்த இடத்தை விசைப்பலகையில் எத்தனை தட்டு என்று எண்ணி வைத்திருக்கிறேன்.

அந்த மட்டக்களப்புக் குடும்பத்தில் இந்த முறை இளைய மகளின் கல்யாணம், திரும்பவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பின்னேரம் வீட்டுக்காரர் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம் விறாந்தையில் இருந்து படங்களைத் தெரிவு செய்துகொண்டிருந்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே போய்க் கூறையின் முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். இந்த முறை ஊதா கலந்த சிவப்பு. நூலுக்கு நூல் ஒன்று என்று சொல்ல மாட்டேன், திரை எப்போதும் திரைதான், ஆனால் மடிப்பின் உள்ளே நிறம் கறுத்துப் போகும் இடமும், வெளிச்சம் பட்டுச் சரிகை மின்னும் இடமும் இரண்டிலும் ஒன்றாக இருந்தன. ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எனக்கு இந்த லப்டொப்பின் விலை அன்றைக்குச் சரிவந்துவிட்டது.

வெயிலில் மட்டும் இந்தத் திரையை நம்பாதீர்கள். நிலாவெளியில் பத்து மணிக்கே மணல் கண்ணைக் கூச வைக்கும், திரையோ கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. வெளிநாட்டுச் சோடி ஒன்று கரையிலேயே படம் பார்க்க ஆசைப்பட்டது, 500 நிட்டையும் முழுதாக ஏற்றினேன், தெரிந்தது எங்கள் மூன்று பேரின் முகமும் பின்னால் நின்ற தென்னையும்தான். ஓலைக் கொட்டிலுக்குள் போனவுடன் நன்றாகத் தெரிந்தது. நிழல் போதும், ஆனால் நிழல் வேண்டும். வெளியிலேயே இருந்து வேலை செய்ய வேண்டியவர்கள் எம்4 மக்புக் ப்ரோவைத்தான் பார்க்க வேண்டும், அது வெளி வெளிச்சத்தில் 1000 நிட் வரை ஏறும், பளபளப்பைக் குறைக்கும் நானோ டெக்ஸ்சர் கண்ணாடியும் அதில் கூடுதல் காசுக்கு உண்டு.

பற்றரி விடயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கொம்பனி 18 மணித்தியாலம் என்கிறது, அது வீடியோ பார்ப்பதற்கு. லைட்ரூமில் விடாமல் வேலை செய்தால் எனக்கு ஐந்தரை, சில நாள் ஆறு மணித்தியாலம். ஒரு முறை திருமலையில் இரவு ரயில் ஏறி இருக்கை பிடித்தவுடன் திறந்தேன். 900 படத்தில் 240 ஐத் தெரிவு செய்து, அதில் பாதிக்கு அடிப்படைத் திருத்தமும் செய்து முடிக்க மூன்று மணித்தியாலம் ஆனது. கல்லோயாச் சந்தியில் ரயில் கனநேரம் நின்றபோதும் பெட்டி விளக்கு மங்கலாக இருந்ததால் திரையைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன். மூடும்போது 52 வீதம். விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கித் திறந்தால் 51. இந்தக் கடைசி எண் எனக்குப் பெரிய விடயம். பழைய லப்டொப் மூடி வைத்தாலும் பைக்குள் தானாக விழித்துச் சூடாகிக் கிடக்கும், போய்ச் சேர்ந்து திறந்தால் உயிரே இருக்காது. இதை மூடினால் மூடியதுதான்.

சரி, பெரிய குறைக்கு வருகிறேன். கமெராக்காரனுக்கு எஸ்டி கார்ட் வாய் இல்லாத லப்டொப் ஒரு தொல்லை. இடப்பக்கம் இரண்டு தண்டர்போல்ட் 4 வாய், சார்ஜுக்குக் காந்தத்தில் ஒட்டும் மக்சேஃப், வலப்பக்கம் ஹெட்ஃபோன் வாய், அவ்வளவுதான். ஆகவே ஒரு வாயில் சொருகினால் பல வாய் தரும் ஹப் ஒன்று வாங்கியே ஆக வேண்டும், அங்கேதான் நான் ஒரு மாதம் நேரத்தை வீணாக்கினேன். லப்டொப்போடு சும்மா கிடைத்த ஹப்பில் கார்ட் வாய் இருந்தது, அதையே பாவித்தேன். ஒரு கல்யாணவீட்டுக்கு ஏறத்தாழ 1500 படம், ஒன்று 28 எம்பி என்றால் 42 ஜீபி. என்னுடைய யூஎச்எஸ்-1 கார்டில் இருந்து செக்கனுக்கு 90 எம்பி வந்தால் எட்டு நிமிடத்தில் முடிய வேண்டும். எனக்கோ இருபது நிமிடத்துக்குக் கிட்டப் போனது. கார்ட் பழுது என்று நினைத்துப் புதுக் கார்டும் வாங்கினேன், அதே கதை. பிறகுதான் அந்த ஹப்பின் கார்ட் வாய் உள்ளுக்குள் யூஎஸ்பி 2 என்று தெரிந்தது, அது செக்கனுக்கு நாற்பது எம்பியைக்கூட ஒழுங்காகத் தாண்டாது. வெளியே இருந்த மற்ற வாய்கள் யூஎஸ்பி 3. ஹப் வாங்கும்போது கார்ட் வாயின் வேகத்தைத் தனியாகக் கேளுங்கள். யூஎச்எஸ்-2 கார்ட் வைத்திருப்பவர் என்றால், அதன் உச்ச வேகம் 312 எம்பி, அதற்கு யூஎச்எஸ்-2 என்று எழுதிய ரீடர்தான் வேண்டும், சாதாரணமானதில் போட்டால் யூஎச்எஸ்-1 வேகத்துக்கு இறங்கிவிடும். இப்போது தனி ரீடர் ஒன்று வைத்திருக்கிறேன், பெருவிரல் அளவு.

512 ஜீபி காணுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வெளியில் எஸ்எஸ்டி வைத்திருந்தால் காணும், இல்லாவிட்டால் ஒரு டெராபைட்டும் காணாது. ராமையும் எஸ்எஸ்டியையும் பிறகு கூட்ட முடியாது, வாங்கும் அன்று எடுத்ததுதான் கடைசி வரை, ஆகவே காசு மட்டுமட்டு என்றால் ராமை விட்டுக்கொடுக்காமல் சேமிப்பிடத்தை வெளியில் வாங்குங்கள். நான் சம்சுங் டி7 ஒரு டெராபைட் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று 58 கிராம், சட்டைப் பையில் போட்டால் தெரியாது. இரவில் கார்டில் இருந்து முதலாவதற்கு, அதில் இருந்து இரண்டாவதற்கு. இரண்டும் ஒரே பையில் போகாது, ஒன்று முதுகுப் பையில், மற்றது உடுப்புப் பையில். வீட்டுக்கு வந்து மேசைக் கணினியில் இறக்கும் வரைக்கும் கார்டை அழிக்கவும் மாட்டேன். கல்யாணத்தை இன்னொரு முறை நடத்தச் சொல்லிக் கேட்க முடியாது, அதனால் இந்த ஒழுங்கில் நான் ஒரு நாளும் கை வைப்பதில்லை, எவ்வளவு நித்திரை வந்தாலும்.

இரண்டு எஸ்எஸ்டியையும், மக்கும் விண்டோஸும் வாசித்து எழுதக்கூடிய எக்ஸ்ஃபட் முறையில் ஃபோர்மட் செய்திருக்கிறேன். மக்குக்கே உரிய ஏபிஎஃப்எஸ்ஸில் செய்தால் ஆல்பம் அச்சடிக்கும் இடத்து விண்டோஸ் கணினியில் திறக்காது, விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் செய்தால் மக் வாசிக்கும், எழுத விடாது. பிழை விட்டுவிட்டால் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போன இடத்தில்தான் தெரியவரும்.

பஸ்ஸில் எஸ்எஸ்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது, ஒரு பள்ளத்தில் விழுந்தால் வயர் கழன்றுவிடும். அதற்கு லைட்ரூம் கிளாசிக்கில் ஸ்மார்ட் ப்ரிவியூ என்று ஒன்று இருக்கிறது, படங்களை உள்ளே இறக்கும்போதே அந்தப் பெட்டியில் சரி போட்டுவிடுங்கள். நீளப் பக்கம் 2560 பிக்சல் உள்ள சின்ன ரோ பிரதி லப்டொப்புக்குள் இருக்கும், உண்மையான ஃபைல் பைக்குள் கிடந்தாலும் நிறம், வெளிச்சம் எல்லாம் திருத்தலாம், பிறகு எஸ்எஸ்டியைச் சொருகியவுடன் அதில் சேர்ந்துவிடும். யாழ்ப்பாண பஸ்ஸில் நான் செய்தது முழுக்க இப்படித்தான்.

நல்லூரில் சப்பறத் திருவிழா இரவு. வீதி நிறையச் சனம், சப்பறத்து மின்விளக்கு ஒரு பக்கம் கண்ணைப் பறிக்க, கற்பூரச் சட்டி ஏந்தி நின்றவர்களின் முகம் பாதி இருட்டில். கமெராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400க்குக் குறைக்க முடியவில்லை, அவ்வளவு கூட்டினால் படத்தில் புள்ளி விழும். அறைக்கு வந்து நாற்பது படத்தைத் தெரிந்து டினோய்ஸ் போட்டேன். முதல் பத்துப் படமும் ஒன்றுக்கு அரை நிமிடத்துக்குள் முடிந்தன. பிறகு விசைப்பலகைக்கு மேலே உள்ள பட்டை கை வைக்க முடியாத சூடு, வேகமும் இறங்கியது. விசிறி இல்லாத உடம்பு, சூட்டை வெளியே தள்ள வழி இல்லை, ஆகவே சிப் தன்னைத்தானே மெதுவாக்கிக் கொள்கிறது. அது பழுதல்ல, இந்த வடிவமைப்பின் குணம். நாற்பதும் முடிய அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட வந்தது, நான் அதை ஓட விட்டுவிட்டுச் சாப்பிடப் போய் வந்தேன். இரவுக்கு ஒரு முறை என்றால் இது சரி. ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கில் டினோய்ஸ் போடுபவர், மணிக்கணக்கில் 4கே வீடியோ வெட்டுபவர் இதை எடுக்க வேண்டாம், விசிறி உள்ளதாகப் பாருங்கள். எங்கள் ஊரில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அறைக்குள்ளேயே உடம்பு எரியும், அந்த நாட்களில் மெத்தையில் வைத்து வேலை செய்யாதீர்கள், மேசையில் வைத்து மேலே ஃபானைப் போட்டுவிட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

படகுக்குள் இதை ஒரு நாளும் ஏற்றியதில்லை. திமிங்கிலம் மூச்சு விடும்போது எழும்பும் தண்ணீர் தூரத்தில்தான் இருக்கும், ஆனால் படகின் அணியத்தில் அடிக்கும் அலையின் தூவல் உடுப்பு முழுக்க உப்பாகக் காயும். கமெராவுக்கே உறை போட்டுத்தான் போவேன். லப்டொப் கரையில். கரையிலும்தான் என்ன, உப்புவெளி என்று பெயர் வைத்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறோம், ஜன்னல் திறந்த அறையில் ஒரு இரவு வைத்தாலே மூடியின் மேல் விரல் ஒட்டும். மெல்லிய ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒரு முறை. வாய்களுக்குள் ஈரம் போகக் கூடாது. பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து எப்போதும் கிடக்கும். மணலில் நேரே வைக்காதீர்கள், நான் கீழே ஒரு சாரத்தை விரித்துக்கொள்வேன்.

மக்சேஃப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரெட்ரிக் கோட்டைக்குள் மரத்தடியில் இருந்து பவர்பாங்கில் சார்ஜ் போட்டபடி வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே மான்கள் ஆளுக்குப் பயப்படாது, கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் ஏதாவது கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். ஒன்று பின்பக்கமாக வந்து பைக்குள் மூக்கை நுழைத்தது, நான் திரும்ப அது துள்ள, கால் வயரில் மாட்டிவிட்டது. வயர் மட்டும் டக்கென்று கழன்று விழுந்தது, லப்டொப் மடியில் அசையவே இல்லை. சாதாரண வயர் என்றால் அதுவும் சேர்ந்து கல்லில் விழுந்திருக்கும். கல்யாண மண்டபத்தில் சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்திலும் இதே பலன்தான்.

பவர்பாங்க் 20,000 எம்ஏஎச், 65 வாட் யூஎஸ்பி-சி கொடுப்பதாக எடுங்கள். அது 74 வாட்-அவர், இந்த லப்டொப்பின் பற்றரி 53.8, வழியில் கொஞ்சம் போனாலும் ஒரு முழுச் சார்ஜ் கிடைக்கும். விமானத்திலும் கையோடு கொண்டுபோகலாம், 100 வாட்-அவர் வரை பிரச்சினை இல்லை. பிளக் விடயம் சின்னது, ஆனால் இரவில் அதுதான் கழுத்தை அறுக்கும்: புது விடுதிகளில் 13 அம்பியர் சதுர முள், பழைய வீடுகளில் இன்னும் உருண்டை முள். மாற்றி ஒன்று பைக்குள் இருக்கட்டும்.

விலை. இந்த 512 ஜீபி மொடல் அமெரிக்காவில் வெளிவரும்போது 1199 டொலர், 256 ஜீபி 999. இங்கே அதற்கு மேலேதான். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 350க்கு மேல் போன பிறகு எங்கள் கையில் உள்ள காசின் பெறுமதி உங்களுக்குத் தெரியும், 2024 ஜனவரியில் இருந்து வட் 18 வீதம். டுபாயில் இருந்து வரும் செற் குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஆனால் வாரண்டி யார் பொறுப்பு என்று பில்லில் எழுதி வாங்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

பாவித்தது வாங்குபவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். 2024 ஒக்டோபருக்கு முன் எம்2, எம்3 எயாரின் அடிப்படை மொடல்கள் 8 ஜீபி ராமோடுதான் வந்தன, அவை இப்போது மலிவாக நிறைய வருகின்றன. லைட்ரூமுக்கு அடோபே பரிந்துரைப்பதே 16 ஜீபி. எம்2 எயாரில் 256 ஜீபி எஸ்எஸ்டி ஒரே சிப்பில் வந்ததால் அதன் வேகமும் குறைவு. என்னைக் கேட்டால் 8 ஜீபி எம்2ஐவிட 2020இல் வந்த எம்1 எயார் 16 ஜீபியோடு கிடைத்தால் அதை எடுங்கள், அதன் திரையும் பீ3தான், 400 நிட். பற்றரியின் சைக்கிள் (முழுச் சார்ஜ் சுற்று) எண்ணிக்கையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், 1000 என்பது ஆப்பிள் சொல்லும் எல்லை. பழைய உரிமையாளரின் கணக்கு அதில் இருந்து வெளியேறியிருக்கிறதா என்பதையும் உங்கள் கண் முன்னே பாருங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வாங்குவது வெறும் அலுமினியத் துண்டு.

விண்டோஸில்தான் வேண்டும் என்பவர்கள் கடையில் கேட்க வேண்டியது நூறு வீதம் எஸ்ஆர்ஜீபியா, 400 நிட் இருக்கிறதா, 16 ஜீபியா, யூஎஸ்பி-சியில் சார்ஜ் ஏறுமா, ஒன்றரைக் கிலோவுக்குக் கீழா. இதற்கு ஆம் என்றால் எந்தப் பெயர் என்றாலும் பரவாயில்லை.

15 அங்குல எயார் எடுக்கலாமா என்று என் தங்கை மகன் கேட்டான், அவனும் இப்போது கமெரா பிடிக்கத் தொடங்கியிருக்கிறான். 1.51 கிலோ, திரை பெரிது, பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் சாய்ந்து படுத்தால் அதை முழுதாகத் திறக்க முடியாது, 13 அங்குலம் அந்த இடைவெளிக்குள் சரியாக நிற்கும். அவனுக்கு 13தான் சொன்னேன். எனக்கு அடுத்த செலவு 2 டெராபைட் எஸ்எஸ்டி ஒன்று, இருக்கும் இரண்டிலும் இந்த வருடத்துத் திமிங்கிலங்கள் நிறைந்துவிட்டன.